உயிரோடு பறந்த ஈசல்

தாராவியில் அந்தச் சந்து முழுக்கத் தேடினாலும் தொப்பை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெயிலுமுத்துவுடையது. மற்ற ஆண்களெல்லாம் தோல் கிடங்கிலும் பஞ்சாலையிலும் உழைத்து வற்றிப்போயிருக்க, இவனுக்கு மட்டும் பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் உடம்பு வைத்தது. "சந்துக்கு வர்ற ரேஷன்ல பாதி உன் வயித்துக்குள்ளதான் கெடக்கு" என்று எதிர்வீட்டுச் சொரிமுத்து கிண்டல் பண்ணுவான். வெயிலுமுத்து தொப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவான். லேசில் கோபம் வராத மனுஷன்.

ஆனால் வீட்டுக்குள் வந்து மகளைப் பார்த்தால் அந்தத் தொப்பை அவனுக்கே வெட்கமாக இருக்கும். உலகம்மாளுக்கு ஐந்து வயது. பார்த்தால் மூன்று என்பார்கள். விலா எலும்பு தெரியும், கன்னத்தில் சதை கிடையாது. இவளுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை ஒரு மழைக்காலத்து வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதனால் ஜூன் மாதம் நெருங்கினாலே வெயிலுமுத்துவும் அவன் மனைவி ஆறுமுகத்தாயும் பயப்படத் தொடங்கிவிடுவார்கள். இந்த மழையை உலகு தாண்டிவிட வேண்டும். வருஷா வருஷம் அவர்களுக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

தர்ம டிஸ்பென்சரி டாக்டர் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய், நெய், வெண்ணெய், எதையாவது கொடு. உடம்பில் கொழுப்பே இல்லை" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். அறுபத்தைந்தாம் வருஷம் ரேஷன் கடையில் கடலெண்ணெய் வருகிற நாள் கடைக்காரனுக்கே தெரியாது. நெய்யை இவர்கள் கோயில் விளக்கில் பார்த்ததோடு சரி.

வெயிலுமுத்து வேலை பார்த்தது செம்பூரில், சந்தில் எல்லோரும் 'பூச்சிக் கம்பெனி' என்று சொன்ன ஒரு கம்பெனியில். அந்தப் பக்கம் அப்போது வயலையும் புதரையும் அழித்து வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டிக் கரையான் மருந்து ஊற்றுவது, புற்று கண்ட இடத்தில் வெள்ளைப் பொடி தூவுவது, இதுதான் அவன் வேலை. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வான். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஜாக்கிரதை.

கம்பெனிக் கிடங்கின் மாடியில் ஷ்யாமளா என்று ஒரு பெண் இருந்தாள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். பூச்சிகளின் உடம்பில் உள்ள கொழுப்பைப் பற்றிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் அவளுக்கு ஒரு அறையும் இரண்டு மேஜையும் கொடுத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் 'கரப்பான் அம்மா' என்று பெயரும் வைத்திருந்தார்கள். அவளுக்குக் கரப்பான் பிடித்துக் கொடுக்கிற ஆள் வெயிலுமுத்து. தாராவிச் சாக்கடையில் அதற்கு என்ன பஞ்சம்? அவனோடு தமிழில் பேச முடிகிற சந்தோஷத்தில் ஷ்யாமளா செய்வதையெல்லாம் விளக்கிச் சொல்வாள். அவனும் காது கொடுத்துக் கேட்பான்.

ஒருநாள், ஈசலாகப் பறக்கத் தயாராக இருந்த இறக்கைக் கரையான்களை ஒரு புற்றிலிருந்து தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அவற்றை அரைத்து, மூக்கைத் துளைக்கிற ஏதோ ஒரு திரவத்தில் ஊறவைத்து, வடிகட்டிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவிட்டாள். திரவம் காற்றில் பறந்துபோய்த் தட்டில் மஞ்சளாக எண்ணெய் நின்றது.

"இது எங்கேருந்தும்மா வந்துது? அது மரத்தைத்தானே திங்குது?" என்றான் வெயிலுமுத்து. அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"மரத்துல எண்ணெய் ஏது? வேலைக்காரக் கரையான் மரத்தைத் தின்னு, செரிச்சு, அதைக் கூழாட்டம் இதுக்கு ஊட்டி விடறது. இது உடம்புக்குள்ள அதைக் கொழுப்பா மாத்திச் சேர்த்து வெச்சுக்கறது. வயித்துக்குள்ள, குடலைச் சுத்தி மஞ்சளா ஒரு சதை இருக்கும் பாருங்கோ. நமக்கு ஈரலும் தொப்பையும் செய்யற வேலையை இதுக்கு அந்த ஒரு சதையே செய்யறது." அவன் தொப்பையைப் பார்த்துவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். "வெளியில பறந்து வந்தப்புறம் இது ஒண்ணும் சாப்பிடாது. றெக்கையை உதுத்துட்டு, ஜோடி சேர்ந்து மண்ணுக்குள்ள போய், முதல் குஞ்சுகள் வளர்ற வரைக்கும் இந்தக் கொழுப்பைக் கரைச்சுத்தான் ஜீவனம். காஞ்ச ஈசலை நிறுத்தா பாதிக்குப் பாதி எண்ணெய்தான்."

வெயிலுமுத்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பாதிக்குப் பாதி எண்ணெய். ரேஷன் கடையில் இல்லாத எண்ணெய், முதல் மழைக்கு வானத்திலிருந்து கொட்டுகிற எண்ணெய். ஈசல் தின்பது அவனுக்குப் புதிதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் தின்றவர்கள்தான். ஆனால் அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கு யாரும் கண்ணால் காட்டியதில்லை.

அதே வாரத்தில் அவள் இன்னொன்றையும் காட்டினாள். இரண்டு ஜாடிகளில் கரப்பான்கள். ஒன்றில் கடலெண்ணெய் தடவிய ரொட்டி தின்று கொழுத்தவை, மற்றதில் வெறும் மாவைத் தின்று மெலிந்தவை. அவன் புற்றில் தூவுகிற அதே வெள்ளைப் பொடியை இரண்டுக்கும் ஒரே அளவு தடவினாள். மெலிந்தவை சீக்கிரமே மல்லாந்து விழுந்து காலை உதறின. கொழுத்தவை ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன.

"இந்தப் பொடி தண்ணில கரையாது. கொழுப்புலதான் கரையும்" என்றாள். "அதனால குண்டா இருக்கறதுல விஷம் போய்க் கொழுப்புக்குள்ள உக்காந்துக்கறது. இளைச்சதுல உக்கார இடமில்லை, நேரா நரம்புக்குப் போயிடறது. ஓடறதேன்னு நினைக்காதேங்கோ. ஓடறதுக்குள்ளயும் விஷம் இருக்கு. இதைப் பட்டினி போட்டா, கொழுப்பு கரையக் கரைய இதுவும் இப்படித்தான் விழும்."

"சரிதாம்மா" என்றான் வெயிலுமுத்து. நன்றாகத்தான் கேட்டான். கேட்காமல் விட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் மஞ்சள் எண்ணெயை வீட்டுக்கு மனதில் எடுத்துக்கொண்டு போனான், இதை அந்த ஜாடிக்கு உள்ளேயே விட்டுவிட்டுப் போனான். நாமெல்லாம் இப்படித்தான், வேண்டியதை மட்டும் கேட்கிற காது நமக்கு.

வீட்டில் ஆறுமுகத்தாய் முதலில் சம்மதிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவள் வாசலில் வைத்து ஈசல் வறுத்ததைப் பக்கத்து வீட்டு ரோஷனின் அம்மா பார்த்துவிட்டாள். வடக்கே இருந்து வந்த குடும்பம். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, கீடா காத்தே ஹை க்யா?" என்று கேட்டுவிட்டாள். பூச்சியா தின்கிறீர்கள் என்று. சந்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பல நாள் உலகுவுக்கு 'கீடா' என்றே பெயர். பிள்ளை அழுதுகொண்டு வந்தது. இனி இந்த வீட்டில் ஈசல் பேச்சே கூடாது என்று ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு வறு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் வெயிலுமுத்து. "அந்தம்மா கண்ணால காட்டுனாவ தாயி. பாதிக்குப் பாதி எண்ணெய். பிள்ள ஒடம்பப் பாரு. மழ ஆரம்பிக்கப் போவுது."

மழை என்றதும் அவள் வறுக்கிற ஓட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். செத்துப்போன பையனின் நினைப்பு அது.

ஜூன் மாதம் முதல் மழை பகலில் ஊற்றிவிட்டு ஓய்ந்தது. செம்பூரில் கட்டிடத்துக்குப் பின்னால் பெரிய புற்று ஒன்று இருந்தது. ஈசல் கிளம்பினால் புது வீடுகளில் புகுந்துவிடும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். வெயிலுமுத்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு புற்றின் ஒவ்வொரு கண்ணிலும் பொடியை அள்ளித் தூவினான். மாவு கொட்டினாற்போல அந்த இடமே வெள்ளையாகிவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஈசல் புறப்பட்டது. பொடியைப் பிளந்துகொண்டு, உடம்பெல்லாம் வெள்ளையாக, கும்பல் கும்பலாக வெளியே வந்தது. சில அங்கேயே சுருண்டு விழுந்தன. பெரும்பாலானவை எழும்பிப் பறந்து, மதிலைத் தாண்டி, ரோட்டோரத்து விளக்குக் கம்பத்தை மொய்த்தன. வெயிலுமுத்து ஒரு வாளியில் தண்ணீரோடு கம்பத்தடிக்குப் போனான். புற்றோரம் விழுந்து கிடந்ததில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் ஊர்ப் பக்கத்தில் ஈசலுக்கு ஒரு முறை உண்டு. செத்துக் கிடப்பதை எடுக்கக் கூடாது, உயிரோடு பறந்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும். எத்தனையோ தலைமுறையாகக் காப்பாற்றிய முறை அது. பொடி என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலத்து முறை.

வாளியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஆறுமுகத்தாய் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, மருந்தடிச்ச எடத்துலயா புடிச்சீக?"

"அதெல்லாம் தொடல. ரோட்டு வெளக்குல விழுந்தது. உயிரோட பறந்து வந்ததுதான்."

பொய் சொல்லவில்லை. மனதறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். தண்ணீர் தெளிந்து பளிங்கு மாதிரி வருகிற வரைக்கும் அலசினாள். துணியில் பரப்பி ஈரம் போக்கினாள். கதவைச் சாத்திவிட்டு அடுப்பில் வறுக்கிற ஓட்டை வைத்து, கொஞ்சம் அரிசியும் உப்பும் சேர்த்து வறுத்து, சொளகில் போட்டு இறக்கையைப் புடைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை, ஆனாலும் ஓடு மினுங்கியது. வெயிலுமுத்து அதைச் சுட்டிக் காட்டினான். பார்த்தியா, நான் சொன்னது சரியா என்பதுபோல.

உலகு முதலில் தயங்கினாள். ஒரு வாய் போட்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, இன்னும், இன்னும் என்று கேட்டது. தன் தட்டில் இருந்ததில் பாதியை அள்ளி வெயிலுமுத்து அவள் தட்டில் போட்டான். உதட்டில் எண்ணெய் மினுங்க அவள் மென்று தின்றதைப் பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மழையைத் தாண்டிவிடுவாள் என்று நினைத்தான். அப்படி ஒரு நிம்மதி அவனுக்குப் பல வருஷமாக வந்ததில்லை.

சந்தில் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் ஓய்வதற்குள் உலகு கையிலிருந்த சொப்பைக் கீழே போட்டாள். அம்மா என்றாள். கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆறுமுகத்தாய் போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தது ரோஷனின் அம்மாதான். அவளே ஓடிப்போய் டாக்சி பிடித்தாள், அவளே பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இந்தியில் கேட்டார்: "பிள்ளை என்ன சாப்பிட்டது?"

ரோஷனின் அம்மா வெயிலுமுத்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயில் 'ஈசல்' என்ற சொல்லுக்கு இந்தி வரவில்லை. வந்த சொல் 'கீடா' ஒன்றுதான். அதை அவள் முன்னால் சொல்ல அவனால் முடியவில்லை.

"சாவல், சாப்" என்றான். சோறுதான் ஐயா.

ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று டாக்டர்கள் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக் காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு ரோஷனின் அம்மா வீட்டுக்குத் திரும்பினாள். இழுப்பு நிற்கும், மறுபடி வரும். வராந்தாவில் ஆறுமுகத்தாய் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பயத்தில் எடுக்கிறாள் என்று நினைத்தார்கள். வெயிலுமுத்துவுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. விரல்கள் லேசாக நடுங்கின. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை.

விடிகிற நேரத்தில் அவனை உள்ளே விட்டார்கள். சட்டை கழற்றிய பிள்ளை விலா எலும்போடு மல்லாந்து கிடந்தாள். அப்போது இழுப்பு ஒன்று வந்தது. கால்கள் மேலே எழும்பி உதறின. அவனுக்கு அந்த ஜாடி ஞாபகத்துக்கு வந்தது. வெறும் மாவு தின்ற கரப்பான்கள். ஓடறதுக்குள்ளயும் விஷம் இருக்கு. இளைச்சதுல உக்கார இடமில்லை. அந்த அம்மா சொன்னது முழுக்க, ஒரு சொல் விடாமல் வந்தது. தன் தொப்பையைக் குனிந்து பார்த்தான்.

வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "டாக்டர் சாப், கீடா! கீடா காயா! தவாவாலா கீடா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மருந்து போட்ட பூச்சியைத் தின்றுவிட்டாள் என்று. டாக்டர் நின்று கேட்டார். என்ன மருந்து என்றார். இவனுக்குப் பெயர் தெரியவில்லை, கம்பெனிப் பெயரைச் சொன்னான். அவர் திட்டவில்லை. வேகமாக நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை மாற்றச் சொன்னார், வயிற்றைக் கழுவ ஏற்பாடு செய்தார். "ராத்திரியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். வெயில் ஏறுவதற்குள் உலகம்மாள் இறந்துபோனாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஷ்யாமளா தாராவிக்கு வந்தாள். சாக்கடையைத் தாண்டத் தெரியாமல் தாண்டி, சந்தை விசாரித்து வந்தாள். உள்ளே உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். "எண்ணெயை மட்டும் ஏன் காமிச்சேன்" என்றாள். "நீங்க ஆத்துல சாப்பிடுவேள்னு எனக்குத் தோணவே இல்லை."

"நீங்க ரெண்டயும்தாம்மா காட்டுனீக" என்றான் வெயிலுமுத்து. பிறகு, இத்தனை நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டான். "எம் பிள்ள கொஞ்சம் குண்டா இருந்திருந்தா பொழச்சிருக்குமா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "கொஞ்சம் தாங்கியிருக்கலாம். உறுதியா எனக்குத் தெரியலை" என்றாள்.

"எம் பங்குலயும் பாதிய அவளுக்குத்தாம்மா போட்டேன்" என்றான் அவன்.

அவள் போனதும் ஆறுமுகத்தாய் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு சோறு போடு, தண்ணீர் கொண்டா என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பூச்சிக் கம்பெனியை விட்டுவிட்டு வடாலாவில் மூட்டை தூக்கப் போனான். தொப்பை மட்டும் போகவில்லை. அதைத் தட்டிக் காட்டிச் சிரிக்கிறவனும் இல்லை, அதைக் கிண்டல் பண்ணுகிறவனும் இல்லை.

மறு வருஷம் முதல் மழை பெய்தது. சாயங்காலம் வெயிலுமுத்து வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தபோது, சொரிமுத்து தன் வாசலில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் வட்டகையில் தண்ணீர் வைத்திருந்தான். மேலே ஈசல் மொய்த்தது. அவனுடைய பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலுமுத்து நேரே போய் வட்டகையைக் காலால் எற்றிவிட்டான். தண்ணீரும் ஈசலும் சந்தில் ஓடின.

"ஏ, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" சொரிமுத்து எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். "செத்தத நான் எடுக்கல. உயிரோட பறந்து வந்ததுய்யா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வெயிலுமுத்து ஈரத்தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே சத்தமாக, இந்தியில், சந்தில் இருக்கிற எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னான். நாங்கள் கீடா தின்கிறவர்கள். என் மகள் கீடா தின்றுதான் செத்தாள். விஷம் குடித்த கீடா உயிரோடுதான் பறக்கும். ஆஸ்பத்திரியில் நான் சோறு என்று சொன்னேன்.

கதவுகள் திறந்தன. ரோஷனின் அம்மா வாசலில் நின்றாள். இந்த முறை முந்தானை மூக்குக்குப் போகவில்லை, வாய்க்குப் போயிற்று.

ஆறுமுகத்தாய் வெளியே வந்தாள். சொரிமுத்துவின் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். விளக்கைத் தூக்கி ஊதி அணைத்தாள். பிறகு, புருஷனைப் பார்க்காமல், ஒரு வருஷமாகச் சொல்லாததைச் சந்துக்காரர்களிடம் சொன்னாள்.

"சோறுன்னு சொன்னது அவரு. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தது நான்."